மொக்கம்மாள் வீட்டு ஒற்றைக்காது மாடு

கோம்பையில் போய் மொக்கம்மாள் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, அந்தக் காதறுத்தவ வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வரும். அவள் எதையும் அறுத்தவள் இல்லை. அந்த ஊரில் காது அறுத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அவர்களுக்கு டீக்கடை பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுப்பார்கள், கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள். பட்டப்பெயர் மட்டும் இவளுக்கு.

நான் அப்போது கோம்பைக் கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டர். போடி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனைக்குப் போனால், பொய்த்தராசைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து, மறுநாள் கடையில் எங்கள் அப்பா தராசுத் தட்டைத் துடைத்து வைப்பார். எனக்குப் பொன்னுராஜ் என்று ஒரு பெயர் உண்டு. கோம்பையில் அதைச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. கம்பவுண்டர்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏழைபாழைகளுக்குக் கறவை மாடு வாங்க வங்கிக் கடன் கொடுத்தார்கள். கொஞ்சம் மானியம், மீதி கடன், மாட்டுக்கு இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் மாடு என்று தெரிவதற்கு அதன் காதில் நம்பர் போட்ட தகடு ஒன்றை அடிக்க வேண்டும். டாக்டர் பக்கத்தில் நிற்க, இடுக்கி போன்ற கருவியால் அதை அடிப்பது என் வேலை. சனங்கள் அதைக் கம்மல் என்பார்கள். "கம்பவுண்டரய்யா, நம்ம மாட்டுக்கு நோகாம கம்மல் குத்திவிடுங்க" என்று பெண்கள் மாட்டின் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள்.

மாடு செத்தால் இன்சூரன்ஸ் பணம் வந்து கடனை அடைத்துவிடும். செத்ததற்கு முக்கியமான அத்தாட்சி, தகட்டோடு சேர்த்து அறுத்த காது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர் எந்த ஊர்ப் புண்ணியவானோ. செத்த மாட்டின் காதும் உயிரோடிருக்கிற மாட்டின் காதும் காகிதத்தில் சுற்றினால் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பதை எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரே வருடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். உயிரோடு நிற்கிற மாட்டைப் பிடித்துக் கட்டிக் காதை அறுப்பார்கள். காது வங்கிக்குப் போகும். காதில்லாத மாடு சாயங்காலமே லாரியில் ஏறி, குமுளி மலைப்பாதை வழியாக அடிமாடாக மலையாளத்துக்குப் போய்விடும். அங்கே அதற்கு ஒரு விலை. இங்கே கடனும் தீர்ந்தது, அங்கே காசும் ஆயிற்று. மாட்டைக் கேட்டார்களா? அதற்கு வாய் ஏது.

இதையெல்லாம் முன்னின்று நடத்தியவர் பெயர் கர்ணன். அந்தப் பெயரை அவருக்கு வைத்த மகராசர்களைத்தான் சொல்ல வேண்டும். திராட்சைத் தோட்டம் உள்ளவர், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கடனுக்கு மனு எழுதுவதும் அவர்தான், வங்கியில் ஆளைக் காட்டுவதும் அவர்தான், காதை அறுப்பதும் அவர்தான். செத்த மாட்டுச் சான்றிதழுக்கு எங்கள் மருந்தகத்துப் பக்கம் வரமாட்டார். எங்கேயோ போய் யாரிடமோ கையெழுத்து வாங்கிவிடுவார். இரண்டு பக்கமும் கமிஷன். ஊரில் அவருக்குப் பெயர் 'நாலு பேருக்கு ஒத்தாசையான மனுசன்'.

மொக்கம்மாள் பொட்டிப்புரத்தில் பிறந்து கோம்பைக்கு வாக்கப்பட்டவள். நான் பார்த்தபோது நாற்பது வயதிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அடுத்தவர் மாட்டை வாரத்துக்கு வளர்த்தே காலம் தள்ளியவள். வாரம் என்றால், கன்றுக்குட்டியை ஒருவர் கொடுப்பார், இவள் புல் அறுத்துப் போட்டு வளர்த்து ஆளாக்க வேண்டும், விற்கும்போது ஆளுக்குப் பாதி. அப்படி எத்தனையோ மாடுகள் அவள் கையில் வளர்ந்து அடுத்தவர் கையால் சந்தைக்குப் போயின. மாடு தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போகும். இவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆகவே கடனில் வந்த அந்தச் செவலைப் பசுதான் அவள் வாழ்க்கையில் முழுசாக அவளுடையது. தேனிச் சந்தையில் தானே பார்த்துப் பிடித்து, வழியெல்லாம் தண்ணீர் காட்டி நடத்தியே கூட்டிவந்தாள்.

அந்த மாட்டுக்கு ஒருமுறை மடிநோய் வந்து நான் ஊசி போட்டேன். மூன்று நாளைக்குப் பாலைச் சொசைட்டியில் ஊற்றக் கூடாது என்று சொன்னேன். இந்த வார்த்தையை நான் ஊரில் எல்லாரிடமும்தான் சொல்லுவேன். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு மறுநாளே கொண்டுபோய் ஊற்றுவார்கள். இவள் மூன்று நாளும் கறந்து முருங்கை மரத்தடியில் கொட்டினாள். அந்த வாரம் அவள் வீட்டில் என்னத்தைக் காய்ச்சினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏன் கொட்டினாய் என்று கேட்டதற்கு, "ஊசிப் பாலு கம்பவுண்டரய்யா, பச்சப்புள்ளைக குடிக்கும்ல" என்றாள். சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள், ஏதோ நான் கேட்டதே விசித்திரம் மாதிரி.

அவள் புருஷன் வேலுச்சாமியைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஏலத்தோட்டத்துக் கூலி வேலையில் முதுகு போய் வீட்டோடு வந்தவர். யார் சத்தமாகப் பேசினாலும் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார், அவ்வளவுதான். மகள் பஞ்சம்மாளுக்குக் கல்யாண வயது. காதில் போட ஒரு தோடு இல்லை. அந்தக் கவலை அவரை அரித்துக்கொண்டிருந்ததை நான் மறுக்கவில்லை. கர்ணன் அந்தக் கவலையின் மேல்தான் வந்து உட்கார்ந்தார். "மாட்டுக் காதைக் குடுத்தா மக காதுக்கு வந்துரும் மாப்ள" என்றாராம். இதைச் சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

வேலுச்சாமி பெண்டாட்டியிடம் கேட்டார். அவள் ஒரே வார்த்தையில் முடியாது என்றாள். "நம்மள நம்பி ரூவா குடுத்துருக்காக. நம்மள நம்பி அது நிக்குது. ரெண்டு பேரையும் ஏமாத்திப்புட்டு எம் மக காதுல தோடு போட்டா அது சீழ்தேன் வைக்கும்" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

கடலைக்காட்டுக் களையெடுப்புக்கு அவளும் மகளும் போயிருந்த ஒரு நாள். மத்தியானம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டதால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். தெருமுனையில் வரும்போதே நாய் குரைக்கிற சத்தம். அவர்கள் வீட்டில் ஒரு கோம்பை நாய் இருந்தது, அந்த ஊர்ப் பேராலேயே அறியப்படும் முரட்டு ஜாதி. கட்டிப்போட்டிருந்த சங்கிலியை அறுத்துவிடுகிற மாதிரி குரைத்துக்கொண்டிருந்ததாம். மாட்டுக் கொட்டத்தில் செவலை இடது பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. காது இருந்த இடத்தில் அடுப்புச் சாம்பலை அப்பியிருந்தார்கள். சாம்பலைத் தாண்டி ரத்தம் கழுத்து வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வேலுச்சாமி மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கர்ணன் காதோடு போய்விட்டிருந்தார். சாயங்காலம் லாரி வர வேண்டியது.

அந்த மழையிலேயே அவள் மாட்டை ஓட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். சாம்பலைக் கழுவி, கட்டுப்போட்டு, ஊசி போட்டேன். மாட்டைக் கோபத்தோடு தொடக் கூடாது என்று தெரியும். ஆனாலும் அன்றைக்கு என்னால் முடியவில்லை. அவள் அழவில்லை. மாட்டின் தாடையைத் தன் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு, "நாளைக்கு வங்கிக்குப் போகணும். காது போறதுக்கு முந்தி மாடு போகணும்" என்றாள். நானும் வருகிறேன் என்றேன். கூப்பிடவில்லைதான். நானாகத்தான் சொன்னேன்.

மறுநாள் வங்கி வாசலில் வேப்பமரத்தில் மாட்டைக் கட்டினாள். உள்ளே மேனேஜரும், கடன்காரர்களை நேரில் பார்த்துவரும் பீல்டு ஆபீஸரும் இருந்தார்கள்.

"டேக் எங்கம்மா?" என்றார் மேனேஜர்.

"அறுத்துட்டாக சார்."

"யாரு?"

"எம் வீட்டுக்காரரும் கர்ணன் அண்ணனும்."

பீல்டு ஆபீஸர் சிரித்தார். "கர்ணனா? அவரு ஆளக் காட்டித்தானம்மா உனக்கு இந்த லோனே கெடச்சுது."

"லோன் வாங்கிக் குடுத்தவுக மடியில கத்தியும் வச்சிருப்பாகன்னு எனக்குத் தெரியலயே சார்."

மேனேஜர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. சுளுவான வழி எது என்று தேடிக்கொண்டிருந்த மனிதர். "இங்க பாரும்மா, டேக் இல்லாத மாட்டுக்கு இன்சூரன்ஸ் செல்லாது. நாளைக்கு இது நெஜமாவே செத்தாலும் ஒரு பைசா வராது. கடனைப் பூராவும் நீதான் கட்டணும்" என்றார்.

"கட்டுறேன் சார். பாலு ஊத்தித்தேன் கட்டுறேன். நான் வந்தது அதுக்கில்ல. எம் மாடு சாகலன்னு எழுதிக்கிருங்க. யாராச்சும் காதக் கொண்டாந்து செத்துப்போச்சுன்னு சொன்னா நம்பாதீக."

"அப்படி எழுதறதுக்கு ஃபாரம் கெடையாதும்மா. செத்த மாட்டுக்குத்தான் ஃபாரம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "உயிரோட வாசல்ல நிக்குது சார். எந்திரிச்சு வந்து ஒரு எட்டுப் பாருங்க" என்று கத்திவிட்டேன். நீங்கள் யார் என்று கேட்டார். சொன்னேன். "ஒங்க வேலையப் பாருங்க கம்பவுண்டர்" என்றார். புதுத் தகடு ஒன்று அடித்துக்கொள்ள அனுமதியாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, விசாரணை அது இது என்று இழுக்கும், எல்லாருக்கும் தலைவலி, விட்டுவிடுங்கள் என்றார். எல்லாருக்கும் தலைவலியாம். தலையில் காது இல்லாமல் ஒரு ஜீவன் வெளியே நிற்கிறது, அதற்கு என்ன வலி என்று அங்கே ஒருவர் கேட்கவில்லை.

ஆக என்ன நடந்தது பாருங்கள். பொய் சொன்னவர்களுக்கெல்லாம் கடன் தள்ளுபடி. உண்மையைச் சொன்னவளுக்கு இன்சூரன்ஸ் ரத்து. அந்தக் காதை வைத்துக்கொண்டு கர்ணனால் ஒன்றும் செய்ய முடியாமல் போனது வாஸ்தவம். அவருக்கு நஷ்டமா? இல்லை. அடுத்த வாரம் அடுத்த தெருவில் அடுத்த மாடு.

அதைவிடக் கொடுமை அதற்குப் பிறகுதான். காதறுபட்ட மற்ற மாடுகள் எல்லாம் மலை ஏறிப் போய்விட்டன. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஊரில் நடமாடியது மொக்கம்மாளின் செவலை மட்டும்தான். காலையிலும் சாயங்காலமும் அது பஜார் வழியாக ஒற்றைக்காதோடு மேய்ச்சலுக்குப் போய்வரும். புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். "லோனுக்காகக் காத அறுத்தது" என்று ஊர்க்காரர்கள் சொல்லுவார்கள். யார் அறுத்தது என்று சொல்லமாட்டார்கள். ஒருமுறை ஜீப்பில் வந்த ஓர் அதிகாரி அந்த மாட்டைக் கையால் காட்டி, "பாத்தீங்களா, இப்படித்தான் கவர்மெண்ட ஏமாத்துறாங்க" என்று கூட வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னார். பக்கத்தில் யார் நின்றது தெரியுமா? கர்ணன். ஆமாம் சார், ஆமாம் சார் என்று தலையாட்டிக்கொண்டு.

மறைத்து வளர்த்திருந்தால் தப்பித்திருப்பாள். நானே சொன்னேன், கொஞ்ச நாளைக்குப் பின்பக்கமாக ஓட்டிப் போ ஆத்தா என்று. "எதுக்குய்யா? நான் என்ன களவாண்டா கொண்டாந்தேன்?" என்று என்னையே முறைத்தாள். பால் ஊற்றி, மாதாமாதம் சொசைட்டிப் பணத்தில் கடன் பிடித்தம் போக, மிச்சத்தில் தவிட்டை வாங்கிக்கொண்டு வருவாள். புருஷனோடு பேச்சு கிடையாது. சோறு மட்டும் நேரத்துக்கு வைப்பாள்.

அப்போதுதான் தேவதானப்பட்டியிலிருந்து பஞ்சம்மாளைப் பெண் கேட்டார்கள். மாப்பிள்ளை பெயர் தவசி. வெற்றிலைக் கொடிக்கால் உள்ள குடும்பம். தோட்டைப் பற்றிக்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. பிள்ளை கடலைக்காட்டு வேலையில் சூட்டிகை என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். இந்த வீட்டுக்கு இதைவிட நல்ல இடம் வராது. மொக்கம்மாளுக்கும் அது தெரியும். அந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. என் மனைவி ஜெபமணியிடம் வந்து, பெண்ணுக்குக் கட்ட ஒரு பட்டுச்சேலை இரவல் கேட்டு வாங்கிப் போனாள்.

பெண் பார்க்க வருகிற அன்று சாயங்காலம் என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். போனால், கர்ணன் நடுக்கூடத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கிறார். நாலு பெரிய மனிதர்கள் வேண்டும் என்று வேலுச்சாமி கூப்பிட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே திரும்பியிருப்பேன், அந்தப் பிள்ளைக்காகத்தான் உட்கார்ந்தேன். மாட்டைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டச் சொல்லி வேலுச்சாமி காலையிலிருந்து கெஞ்சியிருக்கிறார். மொக்கம்மாள் அதைக் குளிப்பாட்டி, வழக்கம்போல் வாசலிலேயே கட்டியிருந்தாள்.

மாப்பிள்ளையின் தாயார் கருத்தம்மாள் வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் பார்த்தது மாட்டைத்தான். மாடு வளர்க்கிறவர்கள் பார்வை அப்படித்தான் போகும். மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவர், "நல்ல மாடு. என்ன, ஒத்தக் காதக் காணோம்?" என்றார்.

வேலுச்சாமி கர்ணனைப் பார்த்தார். கர்ணன் கை கொடுத்தார். "அது நாய் கடிச்சது ஆத்தா. எங்க ஊரு நாயப் பத்தித்தேன் ஒங்களுக்குத் தெரியுமே. கோம்பை நாயி வாயில கவ்வுனா விடுமா?" என்றார். வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வேலுச்சாமியும் சேர்ந்து சிரித்தார். அந்த நாய் வாசலோரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

மொக்கம்மாள் கையில் விபூதித் தட்டோடு நின்றாள். அவள் பேசாமல் இருந்திருக்கலாம். ஒரே ஒரு மூச்சை அடக்கியிருந்தால் பெண் கரையேறியிருக்கும். நானே மனதுக்குள், பேசாதே ஆத்தா என்று கெஞ்சினேன். அவள் நாயைப் பார்த்தாள், பிறகு மகள் இருந்த உள் அறையைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"நாய் மேல பழி போடாதீகண்ணே. இந்த வீட்டுச் சோத்தத் தின்னுட்டு அன்னைக்கு இந்த வீட்டுக்காகக் கொலச்சது அது ஒண்ணுதேன்" என்றாள். பிறகு கருத்தம்மாளிடம் திரும்பி, புருஷனையும் கர்ணனையும் கையால் காட்டி, "மதினி, இவுக புடிச்சாக, அவுக அறுத்தாக. இன்சூரன்சுப் பணத்துக்கு. நான் இல்லாத நேரத்துல. மாடும் எங்கிட்டத்தேன் இருக்கு, கடனும் எங்கிட்டத்தேன் இருக்கு. சம்பந்தம் பண்ண வந்தவுகளுக்குத் தெரியணும்ல" என்றாள்.

கர்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேட ஆரம்பித்தார். இப்போதாவது அந்த மனிதரைப் பார்த்து யாராவது ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று நான் காத்திருந்தேன். கருத்தம்மாள் எழுந்து நின்றார். அவர் முகம் கர்ணன் பக்கம் திரும்பவே இல்லை. வேலுச்சாமி பக்கமும் திரும்பவில்லை. மொக்கம்மாளைத்தான் பார்த்தார்.

"கட்டுன புருசன சபையில வச்சுக் காட்டிக் குடுக்குறவ நீ. ஒன் வயித்துல பொறந்தது எங்க வீட்டுல வந்து எதத்தேன் வெளிய சொல்லாது?" என்றார்.

மற்றவர்களும் எழுந்தார்கள். காதை அறுத்தது குற்றம் இல்லை, பொய் சொன்னது குற்றம் இல்லை, நாயைச் சாட்டியது குற்றம் இல்லை. சொன்னதுதான் இவர்களுக்குக் குற்றமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் உள் அறைக் கதவு திறந்தது.

பஞ்சம்மாள் காப்பித் தட்டோடு வந்தாள். என் மனைவியின் சேலை அவளுக்குக் கொஞ்சம் நீளமாக இருந்தது. கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கருத்தம்மாள் முன்னால் வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் இல்லை.

"நீங்க பயப்படுறது நாயந்தேன் அத்தே" என்றாள். "ஒங்க வீட்டுலயும் எதையாச்சும் அறுத்தா நான் சொல்லத்தேன் செய்வேன்."

வண்டி கிளம்பிப் போயிற்று. காப்பி டம்ளர்கள் அப்படியே இருந்தன. நான் ஒன்றை எடுத்துக் குடித்தேன், ஆறியிருந்தது. மொக்கம்மாள் மகள் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்து, கொசுவம் தடுக்காதபடி அவள் சேலையை ஒருமுறை சரிசெய்துவிட்டாள். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற நேரமாகியிருந்தது.